சிவப்புக் கல்லின் மஞ்சள் கோடு

சிவப்பாக ஒரு கல்லைக் கொண்டுபோய்க் கனிமம் தெரிந்தவரிடம் நீட்டிப் பாருங்கள். நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார். வாங்கி உள்ளங்கையில் வைத்து மெல்ல மேலும் கீழும் அசைப்பார். எடை பார்க்கிறார். சாதாரணக் கூழாங்கல் ஒன்றின் ஒப்படர்த்தி 2.6, 2.7 என்று இருக்கும். அதாவது அதே அளவுள்ள தண்ணீரைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கையில் இருக்கும் கல் அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே ஏதோ கனமான உலோகம் இருக்கிறது. சிவப்பு, கனம், பளபளப்பு மூன்றும் சேர்ந்தால் ஈயமா பாதரசமா என்ற கேள்வி எழும். அதற்குப் பிறகுதான் கண்ணுக்கு வேலை.

ஈயத்தில் பிறக்கும் சிவப்புக் கனிமங்கள் சில உண்டு. அவற்றில் அபூர்வமானதும் பெயர் பெற்றதும் குரோக்கோயிட். வேதியியல் கணக்கில் அது ஈயக் குரோமேட். ஓர் ஈய அணு, ஒரு குரோமிய அணு, நான்கு ஆக்சிஜன். எடையில் 64 விழுக்காடு ஈயம், 16 விழுக்காடு குரோமியம். ஒப்படர்த்தி 6. இரத்தச் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நீண்ட படிகங்கள், நெடுக ஓடும் நுண்ணிய வரிகள், வைரத்தை நினைவூட்டும் மினுக்கு. ஆனால் மென்மை என்றால் அப்படியொரு மென்மை. மோஸ் அளவுகோலில் இரண்டரை முதல் மூன்றுதான். செப்புக் காசின் விளிம்பு பட்டாலே கீறல் விழுந்துவிடும்.

நிறம் மட்டும் பார்த்து இதை அடையாளம் சொல்பவர் ஏமாறுவது உறுதி. எளிய சோதனை வேறு இருக்கிறது. மெருகேற்றாத வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்றை எடுத்து, உதிர்ந்த ஒரு சிறு துணுக்கை அதன்மேல் இழுத்துப் பார்ப்பார்கள் தெரிந்தவர்கள். (முழுப் படிகத்தை இழுத்தால் அதன் விலையையும் சேர்த்து இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.) விழும் கோடு சிவப்பாக இருக்காது. ஆரஞ்சு சாயல் கொண்ட மஞ்சளாக இருக்கும். அதே துணுக்கை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கினாலும், சிவப்பு நம் கண்ணெதிரே மஞ்சளாக மாறும்.

இதில் மாயம் எதுவுமில்லை. குரோமேட் அயனி ஊதாவையும் நீலத்தையும் வெகு வேகமாக விழுங்கும். பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்கும். தடித்த படிகத்துக்குள் ஒளி நெடுந்தூரம் போய்வருவதால் பச்சையும் தீர்ந்துபோய்ச் சிவப்பு மட்டும் வெளியே வருகிறது. பொடியில் ஒளி ஒவ்வொரு துகளிலும் மிகக் குறைந்த தூரம்தான் புகுந்து திரும்புகிறது. நீலம் போய்விடும், பச்சை தப்பிவிடும். தப்பிய பச்சையும் சிவப்பும் சேர்ந்து நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. பொருள் ஒன்றே, தடிமன்தான் வேறு. கனிமத்தின் உண்மை நிறத்தைப் பொடியில் பார்க்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இப்போது மற்ற சிவப்புகளைக் கழித்துவிடலாம். சின்னபார் எனப்படும் பாதரசச் சிவப்பு இன்னும் கனம், ஒப்படர்த்தி 8. பொடித்தாலும் சிவப்பு மாறாது. ஆர்சனிக் கனிமமான ரியால்கர் ஆரஞ்சுக் கோடுதான் போடும், ஆனால் கையில் கனக்காது. வெளிச்சத்தில் வைத்தால் நாளடைவில் மஞ்சள் தூளாக உதிரும். செவ்வீயம் என்கிற மினியம் ஈய ஆக்சைடு. பெரும்பாலும் மண்ணைப்போலப் படிந்திருக்கும், படிகம் காட்டாது. சைபீரியச் செவ்வீயம் என்று குரோக்கோயிட்டுக்கே ஒரு பழைய பெயர் இருப்பதால் ஏட்டில் இரண்டும் குழம்பும். கல்லைப் பார்த்தவருக்குக் குழப்பம் வராது.

உண்மையான போட்டி இரண்டு பேரிடம்தான். ஒன்று வனடினைட், ஈயமும் வனேடியமும் குளோரினும் சேர்ந்தது. மொராக்கோவின் மிப்லாடென் பகுதியிலிருந்து ஏராளமாக வருகிறது. கண்காட்சிகளில் சிவப்பு ஈயக் கனிமம் என்று கையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். குட்டையான அறுகோணப் படிகங்கள். மற்றொன்று உல்ஃபனைட், ஈயமும் மாலிப்டினமும். சதுரமான மெல்லிய தகடுகளாக இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் ரெட் கிளவுட் சுரங்கத்தில் கிடைத்த சிவப்புத் தகடுகள் சேகரிப்பாளர்களின் கனவு. இரண்டுமே குரோக்கோயிட்டைவிடக் கனமானவை. ஆக, படிகத்தின் வடிவத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஆய்வகமே தேவைப்படாது: ஆறு பக்கக் கட்டை வனடினைட், சதுரத் தகடு உல்ஃபனைட், வரியோடிய நீள ஊசி குரோக்கோயிட். படிகம் உடைந்து வெறும் சிவப்புப் பூச்சாக இருந்தால்தான் சிக்கல்.

அப்போது கருவிதான் கதி. நம் ஊர் நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ் கதிர்ப் பெட்டி வேலை செய்யும் அதே முறையில், கல்லில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று ஒரு நொறுங்கல்கூட எடுக்காமல் சொல்லிவிடலாம். ஈயமும் வனேடியமும் தெரிந்தால் வனடினைட், ஈயமும் குரோமியமும் தெரிந்தால் குரோக்கோயிட் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்குத் தனிமங்களைத்தான் தெரியும், அவை கூடியிருக்கும் விதம் தெரியாது. ஈயமும் குரோமியமும் உள்ள சிவப்புக் கனிமம் குரோக்கோயிட் மட்டுமல்ல. பீனிகோகுரோயிட் என்று இன்னொன்று உண்டு, அதில் ஈயம் கூடுதல். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது ராமன் நிறமாலை. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் இன்று சிறு பெட்டிக்குள் அடங்கிக் கனிமவியலாளரின் மேசைக்கு வந்துவிட்டது. குரோக்கோயிட்டின் மேல் லேசரைப் பாய்ச்சினால் 840 என்ற அலையெண்ணை ஒட்டி ஓர் உயரமான முகடு எழும். குரோமேட் தொகுதி அதிரும் அதிர்வு அது.

இந்தக் கல்லின் வரலாறு ரஷ்யாவின் யூரல் மலையில், இன்றைய எகாத்தரின்பர்க் நகரை அடுத்த பெரியோசோவ்ஸ்கில் தொடங்குகிறது. 1745-இல் அங்கே தங்கம் கண்டுபிடித்தார்கள். ரஷ்யத் தங்கச் சுரங்கத் தொழிலின் பிள்ளையார் சுழி அதுதான். தங்கம் ஓடிய குவார்ட்ஸ் நரம்புகளின் வெடிப்புகளில் சிவந்த படிகங்கள் ஒட்டியிருந்தன. யோகான் காட்லாப் லேமான் என்ற ஜெர்மானிய நிலவியலாளர் 1766-இல் அதைப் பற்றி எழுதினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டபோது கரைசல் மரகதப் பச்சையாக மாறியதையும் கவனித்தார். சிவப்புக் கல், மஞ்சள் பொடி, பச்சைக் கரைசல்: ஒரு புதிய தனிமம் வாசலில் நின்று கதவைத் தட்டியது என்றே சொல்ல வேண்டும். லேமானுக்குத் திறக்க அவகாசம் இல்லை. அடுத்த ஆண்டே, ஆர்சனிக்கைச் சூடேற்றிய வாலை வெடித்ததன் விளைவாக, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்துபோனார்.

பிறகு வந்தவர்களும் தடுமாறினார்கள். நிகோலா லூயி வோக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ரஷ்யாவிலிருந்து மக்கார் என்பவர் கொண்டுவந்த மாதிரிகளை அவருடன் சேர்ந்து 1789-இல் பகுத்துப் பார்த்தார். ஈயம், இரும்பு, அலுமினியம், ஆக்சிஜன் என்று விடை எழுதினார்கள். மாஸ்கோவில் இன்னொருவர் மாலிப்டினமும் நிக்கலும் கோபால்ட்டும் இருப்பதாகச் சொன்னார். இரண்டும் தப்பு. தன் விடையே தனக்கு ஒப்பவில்லை என்பதால்தானோ என்னவோ, வோக்லான் எட்டாண்டு கழித்து 1797-இல் மறுபடி அந்தக் கல்லை எடுத்தார். நார்மண்டியில் ஏழை உழவுக் குடும்பத்தில் பிறந்து, மருந்துக்கடை எடுபிடியாகத் தொடங்கியவர் அவர். வேதியியல் அவருக்குக் கைப்பழக்கமாகவே வந்தது.

இந்த முறை அவர் செய்தது எளிமையானது. கல்லைப் பொடித்துப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்தார். ஈயம் கார்பனேட்டாக அடியில் தங்கியது. மேலே மஞ்சள் நிறத் தெளிநீர் நின்றது. ஈயத்தைப் பிரித்தாகிவிட்டது, நிறம் மட்டும் நீரில் இருக்கிறது. அந்த நீரில் பாதரச உப்பைச் சேர்த்தார், சிவப்பு வீழ்படிவு. ஈய உப்பைச் சேர்த்தார், அழகான மஞ்சள். வெள்ளீய உப்பைச் சேர்த்தார், கரைசல் பச்சை. அதுவரை தெரிந்த எந்த உலோகமும் இப்படி ஆடியதில்லை. அதன் ஆக்சைடைக் கரித்தூளோடு மூசையில் வைத்துக் கடுமையாகச் சுட்டபோது, சாம்பல் நிற ஊசிகளாக ஓர் உலோகம் கிடைத்தது. நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயர் வைத்தார்கள். பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியலாளரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் தனியாக அதை எட்டியிருந்தார். மரகதத்தின் பச்சைக்கும் காரணம் குரோமியமே என்பதையும் வோக்லான் விரைவில் காட்டினார். நாம் இன்று புழங்கும் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் உள்ள உலோகம் முதன்முதலில் அறியப்பட்டது இந்த ஈயக் கல்லில்தான்.

இனி, ஏன் அபூர்வம்? ஈயம் அபூர்வமல்ல, குரோமியமும் அபூர்வமல்ல. ஆனால் இரண்டும் பூமிக்குள் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். குரோமியம் பூமியின் ஆழ்ந்த கவசப் பகுதியைச் சேர்ந்த கரும்பாறைகளில் இருக்கும். ஈயமோ சுடுநீர்க் கரைசல்கள் ஊடுருவிய வெடிப்புகளில், கலீனா என்ற சல்பைடாகப் படியும். தமிழ்நாட்டிலேயே பாருங்கள்: நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குரோமைட் இருக்கிறது, பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரில் ஈயமும் துத்தநாகமும் இருக்கின்றன. நடுவே எத்தனை மைல்!

இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தாலும் போதாது. கலீனா காற்றும் நீரும் பட்டுச் சிதைய வேண்டும். குரோமைட்டில் உள்ள குரோமியம் நீரில் கரையாத நிலையில் இருக்கும். அதை ஆக்சிஜனேற்றி, நீரில் ஓடக்கூடிய குரோமேட்டாக மாற்ற ஒரு தரகர் வேண்டும். மாங்கனீசு ஆக்சைடு அந்த வேலையைச் செய்கிறது. பிறகு குரோமேட் சுமந்த நீரும் ஈயம் சுமந்த நீரும் ஒரு பொந்தில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் உடனே படிந்துவிடும், ஏனென்றால் ஈயக் குரோமேட் நீரில் கரைவதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. உடனே படிந்தால் வெறும் மஞ்சள் தூள்தான் கிடைக்கும். பெரிய படிகம் வேண்டுமென்றால் சந்திப்பு மிக மிக மெதுவாக, சொட்டுச் சொட்டாக நிகழ வேண்டும். படிகம் வளர்வதற்கு வெற்றிடமும் இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறிய இடங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அவற்றில் முதலிடம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவு. அதன் மேற்குக் கரையில் சீஹான் ஊருக்கு அருகே டண்டாஸ் என்று ஒரு சுரங்கக் குடியிருப்பு இருந்தது. இன்று காட்டுக்குள் மறைந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளியும் ஈயமும் தேடித்தான் அங்கே குடைந்தார்கள். அடிலெய்ட் சுரங்கம், ரெட் லெட் சுரங்கம் என்ற பெயர்கள் சேகரிப்பாளர்களுக்குக் கோயில் பெயர்கள் மாதிரி. துருவேறிய இரும்பு, மாங்கனீசுக் கறுப்புப் பாறையின் பொந்துகளுக்குள், பெட்டியிலிருந்து கொட்டிய தீக்குச்சிகள்போல் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு ஊசிகள். சில படிகங்கள் பத்து சென்டிமீட்டரைத் தாண்டும். நுனியை உருப்பெருக்கியில் பார்த்தால் பலவற்றின் உள்ளே குழாய்போலக் காலி. விளிம்புகள் வேகமாக வளர்ந்து நடுப்பகுதி பின்தங்கிவிட்டதன் அடையாளம். 2000-ஆம் ஆண்டு டாஸ்மேனியா இதைத் தன் மாநிலக் கனிமமாக அறிவித்தது.

விலைக்கு வருவோம். உலோகமாகக் கணக்குப் போட்டால் சிரிப்புத்தான் வரும். ஒரு கிலோ குரோக்கோயிட்டை உருக்கினால் கிடைக்கும் ஈயம் நூறு ரூபாய்ச் சொச்சம் பெறும். ஆபரணக் கல்லாகவும் தேறாது. இத்தனைக்கும் அதன் ஒளிவிலகல் எண் திசையைப் பொறுத்து 2.3 முதல் 2.66 வரை செல்கிறது; வைரத்தின் எண்ணே 2.42 தான். பட்டை தீட்டினால் தீயாக எரியும். ஆனால் தீட்டுவதற்குள் உடைந்துவிடும், மோதிரத்தில் வைத்தால் ஒரு வாரம் தாங்காது. சில சாணைக்காரர்கள் வீம்புக்குத் தீட்டி வைத்திருக்கிறார்கள், அலமாரியில் பார்ப்பதற்கு.

எனவே விலை முழுவதும் ஒரே கேள்வியைப் பொறுத்தது: எவ்வளவு முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது? பூமிக்குள்ளிருந்து எடுத்த நாள்முதல் மேசைக்கு வரும்வரை ஒவ்வொரு அசைவிலும் உடையக்கூடிய பொருள் இது. நுனி உடையாத படிகம் ஒன்று, உடைந்த பத்துப் படிகங்களைவிட மதிப்பு. தாய்ப்பாறையோடு இருந்தால் உயர்வு. கறுப்போ வெண்மையோ ஆன பின்னணியில் சிவப்பு தனித்து நின்றால் இன்னும் உயர்வு. ஆண்டுக்கணக்கில் வெயில்பட்ட ஜன்னலோரம் இருந்த கல் மினுக்கை இழந்திருக்கும்; அதற்கேற்ப விலையும் இறங்கும். சிறு துண்டு சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். அருங்காட்சியகத் தரத்தில் ஒன்று பல லட்சத்துக்குப் போகும். நடுவில் நிலையான விலைப்பட்டியல் என்று எதுவும் கிடையாது. தங்கம்போலக் கிராம் கணக்கில் விலை சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஒட்டுவேலையையும் பார்க்க வேண்டும். உடைந்த ஊசியைப் பசை வைத்து நிறுத்துவது சாதாரணமாக நடக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் அது பழுதுபார்ப்பு, சொல்லாமல் விற்றால் மோசடி. பத்து மடங்கு பெருக்கும் லென்சை வைத்துப் படிகத்தின் அடியைப் பாருங்கள்: நெடுக ஓடும் வரிகள் ஓரிடத்தில் சட்டென்று விலகினால் அங்கே முறிந்து ஒட்டியிருக்கிறது. புற ஊதா விளக்கடித்தால் பல பசைகள் நீலவெண்மையாக ஒளிரும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காகிதத் துண்டு. எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எழுதிய சீட்டு. யூரல் படிகங்கள் பொதுவாக டாஸ்மேனியாவுடையவை அளவுக்குப் பெரியவை அல்ல. பக்கத்தில் வைத்தால் எளிமையாகத் தெரியும். இருந்தும் பெரியோசோவ்ஸ்க் என்று பழைய கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தால் வாங்குபவர் நிமிர்ந்து உட்காருவார். குரோமியம் பிறந்த ஊரல்லவா? சீட்டுத் தொலைந்த கல், எவ்வளவு அழகானாலும், பாதி விலைக்கு வந்துவிட்ட மாதிரிதான் என்பது என் கணிப்பு. அறிவியலுக்கும் அதே கதை. இடம் தெரியாத கனிமம் எப்படி உருவானது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே ஈயக் குரோமேட்டைத் தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாகச் செய்யலாம் என்பதுதான் வேடிக்கை. வோக்லான் கண்ட அந்த அழகான மஞ்சள், 19-ஆம் நூற்றாண்டில் குரோம் மஞ்சள் என்ற பெயரில் ஓவியர்களின் வண்ணக்குழாய்க்குள் புகுந்தது. வான் கோவின் சூரியகாந்திகள் அதில் வரைந்தவை. அந்தக் குரோமியத்தின் ஒரு பகுதி வெளிச்சத்தில் வேறு நிலைக்கு மாறிப் பழுப்பேறுகிறது என்பதை 2011-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் கொண்டு காட்டினார்கள். அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு 1939-இல் தேர்ந்தெடுத்த மஞ்சளுக்கு அன்றைய பெயரே நேஷனல் ஸ்கூல் பஸ் குரோம். அதே பொடி நம் பக்கத்து அடுப்பங்கரைக்கும் வந்தது. வங்கதேசத்தில் மங்கிய மஞ்சள் கிழங்குக்குப் பளிச்சென்று நிறமேற்ற ஈயக் குரோமேட்டைப் பூசியதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. அரசு, கடைகளில் சோதனை நடத்தி, அபராதம் விதித்து, விழிப்புணர்வும் ஊட்டியபின் 2021-இல் அது பூஜ்யத்துக்கு இறங்கியது. நம் நாட்டு உணவுச் சட்டமும் மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட் அறவே கூடாது என்கிறது. அணு அணுவாகப் பார்த்தால் அந்தக் கலப்படப் பொடிக்கும் டண்டாஸ் படிகத்துக்கும் வேற்றுமை இல்லை. ஒன்று குற்றம், மற்றொன்று அருங்காட்சியகப் பொருள்.

ஈயமும், அதனினும் பொல்லாத ஆறு இணைதிறன் குரோமியமும் இதில் இருப்பதை மறக்கக் கூடாது. படிகமாக அலமாரியில் இருக்கும்வரை ஆபத்து குறைவு, பொடியானால்தான் கேடு. வீட்டில் சிவப்பாக, கனமாக ஒரு கல் இருந்து சந்தேகம் வந்தால் உரசிப் பார்ப்பதையும் அமிலம் ஊற்றிப் பார்ப்பதையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கு ஒரு பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துச் செல்லுங்கள், கூடவே அது எங்கே கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.